பாட்டில் வராத பெயர்



யோர்தான் ஆற்றங்கரையில் யோவான் ஸ்நானன் முழங்கிய முதற்சொல்லும், கலிலேயாவில் இயேசு தம் பணியைத் தொடங்கிய முதற்சொல்லும் ஒன்றே என்று மத்தேயு நற்செய்தி காட்டுகிறது. கிரேக்க மூலத்தில் அது ‘மெட்டநோயா’ என்பதன் ஏவல் வடிவம். எண்ணத்தை மாற்றுதல் என்பது அதன் நேர்ப்பொருள். இலத்தீன் திருமறையில் அது பரிகாரம் செய்தல் என்று பொருள்படும் தொடராயிற்று. நாளடைவில் மக்களின் செவியில் அது, குருவானவர் விதித்த அபராதத்தைச் செய்து முடி என்பதாகவே ஒலித்தது. 1516-இல் எராஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு இலத்தீன் வழக்கின் குறைகளை எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டில் மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கூற்றுகளுள் முதலாவது கூற்றே இச்சொல்லைப் பற்றியது. விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக அமையவேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு சொல்லுக்கான வழக்கே ஐரோப்பியத் திருச்சபையைப் பிளந்தது என்றால் அது மிகை. அந்தப் பிளவின் வாயிலில் ஒரு சொல் நின்றது என்பது மிகையன்று.

தமிழில் இச்சொல் பெற்ற வடிவம் எண்ணிப் பார்க்கத்தக்கது. சீர்திருத்தத் திருச்சபையார் கைக்கொண்ட பழைய திருப்புதல் ‘மனந்திரும்புங்கள்’ என்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘மனம் மாறுங்கள்’ என்கிறது. பின்னதே கிரேக்கத்திற்கு நெருக்கமானது என்று கற்றோர் கூறுவர், அது உண்மையே. ஆயினும் முன்னதில் ஓர் அழகு இருக்கிறது. எபிரேயத் தீர்க்கதரிசிகள் இப்பொருளில் வழங்கிய சொல் ‘ஷூவ்’. அது தெருவில் நடப்பவனுக்குரிய சாதாரண வினைச்சொல்; வழி தவறியவன் வந்த வழியே திரும்புவதைக் குறிப்பது. கிரேக்கத்தின் மனமும் எபிரேயத்தின் திரும்புதலும் தமிழில் ஒரே சொல்லாகக் கூடிவிட்டன. மனம் மாறுவது உட்கார்ந்த இடத்திலேயே நடக்கலாம். திரும்புதலுக்குக் கால்கள் வேண்டும்.

இதனோடு வைத்துப் பார்க்கவேண்டிய வேறொரு சொல்லும் உண்டு: ‘மனஸ்தாபம்’. கத்தோலிக்கத் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் உத்தம மனஸ்தாப மந்திரத்தில் அது வாழ்கிறது. மத்தேயு நற்செய்தியின் பழைய திருப்புதலில் அச்சொல் இரண்டு மனிதரைக் குறித்து வருகிறது. ஒருவன் உவமையில் வரும் மகன். திராட்சத் தோட்டத்தில் வேலை செய்யப் போகமாட்டேன் என்று தகப்பனிடம் மறுத்துவிட்டுப் பின்பு மனஸ்தாபப்பட்டுப் போகிறவன். மற்றவன் யூதாஸ். அவனும் மனஸ்தாபப்படுகிறான், குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாக வாய்விட்டு ஒப்புக்கொள்கிறான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுக்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை யாவும் அங்கே இருக்கின்றன. ஆனால் அவன் ஒப்புக்கொண்டது யாரிடம்? காசைக் கொடுத்து அவனை வாங்கியவர்களிடம். அவர்கள், அது எங்களுக்கு என்ன என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு அவனும் போகிறான், நான்றுகொள்ளப் போகிறான். இரண்டு இடத்திலும் மனஸ்தாபம் ஒன்றே, அடுத்து வரும் வினையும் ஒன்றே. ‘போதல்’ எந்தத் திசையில் என்பதே வேறுபாடு. நற்செய்தியாளர் இதை விளக்காமல் விட்டுவிட்டார். விளக்கியிருந்தால் சுவை குறைந்திருக்கும்.

இந்தத் திசைதான் இன்றைய பொருள். கிறித்தவர் தம் பாவத்துக்காக வருந்திப் பாடிய பாட்டுகளுக்குக் கணக்கில்லை. திருச்சபை ஏழு சங்கீதங்களைத் தவத்துக்குரியவை என்று பிரித்துவைத்திருக்கிறது. அவற்றுள் நடுநாயகமாக விளங்குவது 51-ஆம் சங்கீதம். அதன் தலைப்புக்குறிப்பு, நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்தபின் பாடப்பட்டது என்று உரைக்கிறது. தலைப்புகள் பிற்காலத்தவை என்போர் உண்டு. அவ்வாராய்ச்சி இங்கு வேண்டியதில்லை. பாட்டும் கதையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்தே வாசிக்கப்பட்டு வந்துள்ளன.

கதை யாவரும் அறிந்தது. பத்சேபாளை அரசன் வரவழைத்தான். அவள் கருவுற்றாள். அவள் கணவன் உரியா போர்க்களத்தில் இருந்த வீரன், ஏத்தியன், அயல் இனத்தான். அவனை ஊருக்கு அழைத்து வீட்டுக்குப் போகச்சொன்னான் அரசன். தோழர் வெளியில் பாளயமிறங்கியிருக்கத் தான் மட்டும் இல்லம் ஏகுவதா என்று அவன் அரண்மனை வாயிலிலேயே படுத்துக்கொண்டான். பிறகு தாவீது தன் தளபதி யோவாபுக்கு ஒரு நிருபம் எழுதினான். மும்முரமான போர்முகத்தில் உரியாவை நிறுத்திப் பின்வாங்குக, அவன் மடியட்டும் என்பது அதன் செய்தி. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆளாக உரியாவையே தேர்ந்தான். தன் சாவோலையைத் தானே சுமந்து சென்றான் அந்த வீரன்.

நாத்தான் வந்து அரசனைக் கண்டித்த முறை பாவலர்க்கு உரிய முறை. அவன் ஒரு கதை சொன்னான். திரளான மந்தைகளை உடைய செல்வன் ஒருவன். ஒரே ஓர் ஆட்டுக்குட்டியைப் பிள்ளைபோல் மடியில் வளர்த்த ஏழை ஒருவன். விருந்தினன் வந்தபோது செல்வன் ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்தான். தாவீது சினந்து, அவன் சாகவேண்டும், குட்டிக்கு நான்கு மடங்கு திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தான். அந்த மனிதன் நீயே என்றான் நாத்தான். ஒரு புனைகதை மெய்யைச் செய்ய வல்லது என்பதற்கு உலக இலக்கியத்தில் இதனினும் சிறந்த சான்று அரிது.

இனி அந்தச் சங்கீதத்தை எடுத்துப் படித்துப் பார்க்கலாம். தலைப்பை மறைத்துவிட்டுப் படிக்கவேண்டும். கழுவுதல் இருக்கிறது, ஈசோப்பு இருக்கிறது, நொறுங்குண்ட நெஞ்சம் இருக்கிறது, சீயோனின் மதில்களும் இருக்கின்றன. உரியா இல்லை. பத்சேபாள் இல்லை. அதற்கும் மேலாக, இறைவன் ஒருவருக்கு விரோதமாகவே பாவம் செய்ததாக அப்பாட்டு அறிக்கை செய்கிறது. உரியாவின் உறவினர் எவரேனும் அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

சமய அறிஞர்கள் இதற்கு விடை சொல்வர். மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன். ஆகவே மனிதனுக்கு இழைத்த கொடுமை முடிவில் இறைவனுக்கே இழைத்ததாகும் என்பர். அவ்விடை வலுவானது. பாவலர் சொல்லக்கூடிய விடை வேறொன்று: உரியாவின் பெயர் அதில் இருந்திருந்தால் அது தாவீதின் பாட்டாக மட்டும் நின்றிருக்கும். பெயர் இல்லாமையாலேயே எந்த ஊரிலும் எந்தப் பாவியும் அதைத் தன் பாட்டாகப் பாட முடிகிறது. இதுவும் உண்மை. ஆகவே பாட்டில் குறையில்லை. பாட்டே மனந்திரும்புதலின் முழுமை என்று கொள்வதில்தான் குறை.

மோசேயின் நியாயப்பிரமாணம் இதில் மிகவும் உலகியல் அறிவோடு பேசுகிறது. தவறிழைத்தவன் தன் பாவத்தை அறிக்கையிடவேண்டும். முதலைத் திருப்பித் தரவேண்டும். அதனோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, எவனுக்குத் தீங்கு செய்தானோ அவனுக்கே கொடுக்கவேண்டும் என்று எண்ணாகமம் விதிக்கிறது. ‘அவனுக்கே’ என்பதில்தான் அழுத்தம் இருக்கிறது. திருடிய ஆட்டைக் கொன்று அகப்பட்டவனுக்கோ நான்கு மடங்கு. மலைப்பொழிவிலும், பலிபீடத்தண்டை வந்தபின் சகோதரனுக்குத் தன்மேல் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகும்படி இயேசு சொன்னார். காணிக்கை காத்திருக்கலாம். மனிதனைக் காக்கவைக்கலாகாது.

எரிகோவின் ஆயக்காரன் சகேயுவின் கதையைச் சிறுவர் பள்ளியில் மரமேறிய குள்ளன் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவன் அழுததாக லூக்கா எழுதவில்லை. அவன் கணக்குச் சொன்னான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதற்கு நான்கு மடங்கு வாங்கியவரிடமே. எவரும் அவனைப் பிடித்துவைத்துக் கேட்கவில்லை. தானே முன்வந்தவனுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுப்பதே சட்டம் கேட்டது. அவனோ அகப்பட்ட திருடனுக்குரிய அளவைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். தாவீது பிறனுக்கென்று விதித்த நான்கு மடங்கை ஓர் ஆயக்காரன் தனக்கென்று விதித்தான்.

வேதகாலத்தை விட்டு வெளியே வந்து, ஒரு பாட்டாசிரியரின் வாழ்வில் இதைக் காணலாம். ஆங்கிலம் வழங்கும் நாடெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் பாடலை எழுதிய ஜான் நியூட்டன் 1725-இல் இலண்டனில் பிறந்தவர். ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். தந்தை கப்பல் தலைவர். மகனும் கடலுக்குப் போனார். வலுக்கட்டாயமாகப் போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டு, தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பட்டார். பின்பு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வாணிகன் ஒருவனிடம் தாமும் ஏறத்தாழ அடிமையாகவே பசியும் நோயுமாகக் கிடந்தார். 1748 மார்ச்சில் ‘கிரேஹவுண்ட்’ என்னும் கப்பலில் ஊர் திரும்புகையில் பெரும்புயல் வீசியது. கப்பலின் ஒரு பக்கம் சிதைந்து நீர் புகுந்தது. நீரிறைத்தும் சுக்கான் பிடித்தும் அவர் உயிருக்குப் போராடிய அந்த நாளில் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். அந்நாளை ஆண்டுதோறும் இறுதிவரை நோன்புநாளாகக் கைக்கொண்டார்.

மேடைகளில் இக்கதை இங்கேயே முடிக்கப்படுவது வழக்கம். அடிமை வாணிகன் புயலில் மனந்திரும்பினான், பாட்டு எழுதினான், சுபம். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் கதை வேறாகிறது. புயலுக்குப் பிறகுதான் நியூட்டன் அடிமைக் கப்பல்களின் தலைவரானார். 1750 முதல் 1754 வரை ‘டியூக் ஆப் ஆர்கைல்’, ‘ஆப்பிரிக்கன்’ என்னும் கப்பல்களில் மூன்று பயணங்கள் சென்றார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்தினார். கப்பலிலேயே இலத்தீன் படித்தார். காலடியில், கப்பலின் கீழறையில், விலங்கிடப்பட்ட மனிதர் கிடந்தனர். இறைவனோடு அவ்வளவு இனிய உறவு கொண்ட பொழுதுகள் அப்பயணங்களைப்போல் அமைந்ததில்லை என்றும், அத்தொழில் முறையானதா என்னும் ஐயமே அப்போது எழவில்லை என்றும் பின்னர் அவரே எழுதியிருக்கிறார். சங்கிலியும் விலங்கும் சூழ்ந்த பிழைப்பு சில வேளை உறுத்தியதென்றும், மனிதத்தன்மை மிக்க வேறு தொழிலுக்காக வேண்டிக்கொண்டதென்றும் சொல்கிறார். அவர் கடலை விட்டதற்கும் மனச்சான்று காரணமன்று. 1754-இல் புறப்பட இருந்த வேளையில் திடீரென்று மயங்கி விழுந்தார். மருத்துவர் பயணம் வேண்டாம் என்றனர்.

அக்காலத்தில் எவருக்கும் கண் திறக்கவில்லை என்று வாதிடுவோர்க்கு ஒரு செய்தி. அதே 1754-இல் அமெரிக்கக் குவேக்கரான ஜான் உல்மன் அடிமைகளை வைத்திருப்பதைக் கண்டித்து நூல் வெளியிட்டார். அவர் இளமையில், முதலாளி கேட்டதற்காக ஒரு கறுப்பினப் பெண்ணை விற்கும் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர். அந்த ஒரு தாளே அவரை வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராக நடக்கவைத்தது.

நியூட்டன் 1764-இல் ஓல்னி என்னும் சிற்றூரில் குருவானார். கவிஞர் வில்லியம் கூப்பரும் அங்கே வந்து குடியேறினார். இருவரும் எழுதிய பாடல்கள் 1779-இல் ‘ஓல்னி ஹிம்ஸ்’ என்னும் தொகுதியாக வந்தன. 1773 புத்தாண்டு நாளின் வழிபாட்டுக்கென எழுதப்பட்ட அந்தப் புகழ்பெற்ற பாடலும் அத்தொகுதியில் உள்ளது. அதில் தம்மைக் கடையனாகத் தாழ்த்திக்கொள்ளும் சொல் இருக்கிறது. வழிதவறிய நிலை இருக்கிறது. குருடு நீங்கிய களிப்பும் இருக்கிறது. அடிமைகள் இல்லை. கப்பல்கூட இல்லை. 51-ஆம் சங்கீதத்தில் உரியா இல்லாததுபோலவே.

புயலுக்கும் 1788-க்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். அவ்வாண்டில், இலண்டன் ஆலயமொன்றின் குருவாக, ஊரறிந்த பெரியவராக இருந்த நியூட்டன், ஆப்பிரிக்க அடிமை வாணிகம் பற்றிய தம் எண்ணங்களை ஒரு சிறுநூலாக வெளியிட்டார். அது பாட்டன்று; உரைநடை. அதில் உவமை என்று சொல்லத்தக்கது ஒன்று நினைவில் நிற்கிறது: அலமாரியில் நூல்களை அடுக்குவதுபோல் கப்பலின் கீழறையில் மனிதரை நெருக்கி அடுக்கினர் என்பது. மற்றவை வெறும் விவரங்கள். விலங்குகள், கட்டைவிரலை நசுக்கும் கருவி, இறப்பு. அழுத குழந்தை தன் உறக்கத்தைக் கெடுக்கிறதென்று தாயிடமிருந்து பிடுங்கிக் கடலில் எறிந்த ஒரு கப்பல் அலுவலனின் செய்தி. இந்த அறிக்கை மிகவும் காலந்தாழ்ந்து வருகிறது என்றும், இத்தொழிலில் தாமும் ஒரு கருவியாய் இருந்தது என்றும் தம்மைத் தலைகுனியச் செய்யும் என்றும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார். நாடாளுமன்ற உறுப்பினர்க்கு அந்நூல் அனுப்பப்பட்டது. அரசின் ஆலோசனை மன்றத்தின் முன் சென்று சாட்சியும் சொன்னார். மூன்றாண்டுகளுக்குமுன், அரசியலை விட்டுவிடலாமா என்று தம்மிடம் வந்து கேட்ட இளைஞர் வில்பர்போர்சை நாடாளுமன்றத்திலேயே நிலைத்திருக்கச் சொல்லி அனுப்பியவரும் அவரே. அடிமை வாணிக ஒழிப்புச் சட்டம் 1807 மார்ச் 25-இல் நிறைவேறியது. நியூட்டன் அவ்வாண்டு டிசம்பர் 21-இல் மறைந்தார்.

அப்படியானால் புயலில் நடந்தது மனந்திரும்புதல் இல்லையா? இருந்தது. கடவுளை நோக்கிய திருப்பம் அங்கே தொடங்கியது. தாம் விற்ற மனிதரை நோக்கிய திருப்பத்துக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலே என்னும் லூத்தரின் கருத்து, ஒரு பழைய மாலுமியின் வாழ்வில் இவ்வாறு மெய்யாயிற்று. அந்தப் பாட்டை எழுதியபோது அவர் பொய் சொல்லவில்லை. அப்போது அவருக்குத் தெரிந்த அளவே அவர் பாடினார்.

கூப்பரைப் பற்றி ஒரு சொல். தமக்கு மீட்பே இல்லை என்னும் எண்ணம் 1773 முதல் அவரை விட்டு அகலவே இல்லை. அதை மனந்திரும்புதலோடு குழப்பலாகாது, அது நோய். அந்த இருளுக்குள்ளும் 1788-இல் அவர் அடிமைகளுக்காகக் கவிதைகள் எழுதினார் என்பது வியப்புக்குரியது. ஓர் அடிமையே தன் வாயால் முறையிடுவதுபோல் அமைந்தது அவற்றுள் ஒன்று. தன் மீட்பில் நம்பிக்கை இழந்தவர் பிறர் விடுதலைக்குப் பாடினார்.

தமிழ்ப் பாவலர்க்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் மொழி தமிழில் செழித்ததுபோல் பிறமொழிகளில் செழித்திருக்குமா என்பது ஐயமே. சைவரும் வைணவரும் வளர்த்த அம்மொழியைக் கிறித்தவப் புலவர் உரிமையோடு எடுத்துக்கொண்டனர். நெல்லைச் சீமையில் வைணவ மரபில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ண பிள்ளை, 1894-இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் பனியனின் பயணியைத் தமிழ்க் காப்பியத் தலைவனாக்கினார். முதுகில் பாவச்சுமையோடு நடக்கும் அந்தப் பயணி கம்பன் வழிவந்த ஓசையில் நடக்கிறான். இம்மரபு பெருமைக்குரியது. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. பாவியேன், நாயேன், கடையேன் என்னும் சொற்கள் எதுகைக்கும் மோனைக்கும் எளிதாக வந்து வாய்க்கின்றன. எல்லாப் பாவத்தையும் செய்தவன் என்று பாடுபவன் எந்தப் பாவத்தைச் செய்தான் என்று சொல்லவேண்டிய கடன் இல்லாதவனாகி விடுகிறான். இன்றைய கிறித்தவக் கவியரங்குகளில் வாசிக்கப்படும் தவக்காலக் கவிதைகளில் பெரும்பாலானவை இந்த நிழலில்தான் இளைப்பாறுகின்றன. வட்டத்தின் கவிஞர்களும் இதற்கு விலக்கல்லர்.

மாற்று வழியும் தமிழிலேயே உண்டு. அது கிறித்தவர் செய்ததன்று. இராமலிங்க அடிகள் 1854-இல் வெளியிட்ட ‘மனுமுறை கண்ட வாசக’த்தில், மகன் தேரூர்ந்து கன்றைக் கொன்ற செய்தி கேட்ட சோழ மன்னன், முன்பு என்ன பாவம் செய்தேனோ என்று கலங்குகிறான். அப்போது வரும் நீண்ட பட்டியல் உரைநடை. வேலை வாங்கிக்கொண்டு கூலியில் குறை வைத்தல், வரியை உயர்த்தியது, பசித்தவரைப் பாராதிருந்தது என்று ஒவ்வொரு வினாவிலும் ஒரு செயல் இருக்கிறது; செயலுக்கு அப்பால் அடிபட்ட ஒருவர் இருக்கிறார். கடையேன் என்று சொல்லி நழுவிவிட அங்கே இடமில்லை.

தாவீதுக்குத் திரும்பினால், பாட்டு விட்டதை வேதம் விடவில்லை. மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதுகையில், சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. உரியாவினுடையவளாயிருந்தவள் என்றே குறிக்கிறார். மேசியாவின் குலமுறைக் கிளத்தலில், அக்குலத்தைச் சேராத ஒரு ஏத்தியனின் பெயர் இவ்வாறு இடம்பெற்றது. அதற்கும் முன்பே சாமுவேலின் இரண்டாம் புத்தகம், தாவீதின் பராக்கிரமசாலிகளுக்கு ஒரு பட்டியல் தருகிறது. சிங்கத்தைக் கொன்றவர், பெலிஸ்தரின் பாளயத்தை ஊடுருவிப் போய்ப் பெத்லகேம் கிணற்றுத் தண்ணீரை மொண்டுவந்தவர் எனப் பலர் அதில் வருகின்றனர். இறுதியில் வரும் பெயர் ஏத்தியனாகிய உரியா. அதன்பின், மொத்தம் 37 பேர் என்னும் தொகையோடு அந்த அதிகாரம் நின்றுவிடுகிறது.